தீவகத்தின் ஒளியும் கணினியின் தேடலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பாக்கு நீரிணையிற் பரந்து கிடக்கும் தீவுக் கூட்டத்தைத் தீவகம் என வழங்குவர். இவற்றுள் வேலணை, புங்குடுதீவு, காரைநகர், மண்டைதீவு ஆகியன தாம்போதிகளால் நிலத்தோடு பிணைக்கப்பட்டவை. எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்னும் நான்குக்கும் அத்தகைய பிணைப்பு இல்லை. முதலிரண்டுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்தும், ஏனைய இரண்டுக்கும் குறிகட்டுவானிலிருந்தும் படகேறியே செல்லவேண்டும். தாம்போதி சென்ற வழியே மின்கம்பமும் சென்றது. தாம்போதி நின்ற இடத்தில் அதுவும் நின்றது. ஆகவே இந்நான்கு தீவுகளும் நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களையே ஒளிக்கு நம்பியிருந்தன. அவற்றுக்கான எண்ணெயும் கடல்வழியே வரவேண்டியதாயிற்று.

இத்தீவுகளுக்கு ஞாயிற்றொளியையும் காற்றையும் மின்கல அடுக்கையும் டீசலையும் இணைத்து மின்சாரம் வழங்கும் முயற்சி அண்மைக் காலத்தில் மேற்கொள்ளப்பட்டது. இம்முயற்சியைப் பொறியியற் செய்தியாக மட்டுமன்றி, ஒரு சிந்தனை முறையின் வரலாற்றோடு சேர்த்தும் நோக்குதல் வேண்டும். மாதிரியை ஆக்குதல், தீர்வைத் தேடுதல், எடுத்துக்காட்டிலிருந்து கற்றல் ஆகிய மூன்றும் மென்பொருட் பொறியியலிலே தனித்தனியே தோன்றிப் பின்னர் ஒன்றிணைந்தன. அவ்விணைப்பு எதைச் சாதிக்கவல்லது, எதைச் சாதிக்க இயலாதது என்பதைத் தீவகத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

மாதிரி எனும் கருவி

மாதிரி என்பது கணினியோடு பிறந்த கருத்தன்று. 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளைத் தம் வரைபடங்களிற் குறித்தபோது அவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணை லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. வரைபடமும் ஒரு மாதிரியே. கப்பலோட்டிக்கு வேண்டிய கரையும் ஆழமும் துறையும் அதில் இருந்தன. கிணறுகளின் சுவையும் பனங்கூடல்களின் உரிமையும் குடிகளின் வழக்குகளும் அதில் இல்லை. வரைபவன் தன் நோக்கத்துக்கு வேண்டியவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை விட்டுவிடுகின்றான். எல்லா மாதிரிக்கும் உரிய பயனும் குறையும் இவ்வொரு செயலிலேயே அடங்கியுள்ளன.

மென்பொருட் பொறியியல் என்னும் சொல் 1968 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நடைபெற்ற மாநாட்டின் பின்னரே பரவலாக வழங்கலாயிற்று. நிரல்கள் பெருகப் பெருக, அவற்றை எழுதியவர்களுக்கே அவை விளங்காத நிலை தோன்றியிருந்தது. வீட்டைக் கட்டுமுன் படம் வரைவதுபோல, நிரலை எழுதுமுன் அதன் அமைப்பை வரைந்து பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1976 ஆம் ஆண்டில் பீட்டர் சென் என்பார் தரவுகளைப் பொருள்களாகவும் அவற்றிடையேயுள்ள உறவுகளாகவும் வரையும் முறையை வெளியிட்டார். 1997 ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி பொது நியமமாக ஏற்கப்பட்டது. அதன்பின் மாதிரி வெறும் படம் என்ற நிலையினின்று உயர்ந்தது. ஒரு மாதிரியை மற்றொரு மாதிரியாகவும், இறுதியில் நிரலாகவும் இயந்திரமே மாற்றித் தரவல்லது என்னும் நிலை உருவாயிற்று.

தேடலின் வரலாறு

மாதிரி ஒன்றை வரைந்துவிட்டால் மட்டும் தீர்வு கிடைத்துவிடாது. ஒரே தேவையை நிறைவேற்றப் பல்லாயிரம் அமைப்புகள் இருக்கக்கூடும். அவற்றுட் சிறந்தது எது என்பதே அடுத்த வினா. இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியதே தேடல்வழிப் பொறியியல்.

1975 ஆம் ஆண்டில் ஜோன் ஹொலண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் உயிரினங்களின் பரிணாமத்தைப் பின்பற்றிய தேடல் முறையொன்றை நூலாக வெளியிட்டார். பல தீர்வுகளை ஒருங்கே எடுத்து, தகுதி மிக்கவற்றைத் தெரிந்து, அவற்றைக் கலந்தும் சிறிதே மாற்றியும் புதிய தலைமுறைத் தீர்வுகளை ஆக்குவது அம்முறையின் சாரம். 1976 ஆம் ஆண்டில் வெப் மில்லர், டேவிட் ஸ்பூனர் ஆகிய இருவரும் நிரல்களைச் சோதிக்கும் தரவுகளைக் கணினியே தேடிக் காணும் வழியொன்றைக் கூறினர். இவை யாவற்றையும் ஒரு துறையாக நோக்கி, 2001 ஆம் ஆண்டில் மார்க் ஹார்மன், பிறையன் ஜோன்ஸ் ஆகியோர் அதற்குத் தேடல்வழி மென்பொருட் பொறியியல் எனப் பெயரிட்டனர்.

தேடலுக்கு மூன்று வேண்டும். எவை எவை தீர்வாகலாம் என்னும் எல்லை ஒன்று. ஒரு தீர்விலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி ஒன்று. எது நன்று, எது தீது என அளக்கும் கோல் ஒன்று. இம்மூன்றனுள் அளவுகோலே முதன்மையானது. அளவுகோல் எதை நன்றென்று சொல்கின்றதோ அதையே இயந்திரம் சலியாது தேடும். அளவுகோலிற் சேர்க்கப்படாத நன்மை ஒன்று உண்டெனில், அது அத்தேடலின் கண்ணுக்குப் புலப்படாது.

எடுத்துக்காட்டிலிருந்து விதி

மூன்றாவது நெறி எடுத்துக்காட்டுவழிப் பொறியியலாகும். விதிகளை வகுத்துச் சொல்வது வல்லுநர்க்கும் அரிது; ஆயின் இது இவ்வாறு அமையவேண்டும் எனச் சில எடுத்துக்காட்டுகளைத் தருவது எவர்க்கும் எளிது. 1970களின் நடுப்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் மொஷே சுலூஃப் என்பார், வேண்டிய விடையின் மாதிரியுருவை அட்டவணையில் எழுதிக் காட்டினால் கணினி தரவுகளைத் தேடித் தரும் முறையை உருவாக்கினார். 2006 ஆம் ஆண்டில் டானியல் வாரோ என்னும் ஹங்கேரிய ஆய்வாளர் இக்கருத்தை மாதிரிகளை மாற்றும் பணிக்கு விரித்தார். மூல மாதிரியும் மாற்றப்பட்ட மாதிரியும் இணையிணையாகத் தரப்பட்டால், அவற்றினின்று மாற்ற விதிகளை உய்த்துணரலாம் என்பது அவர் கருத்து.

இதனைத் தமிழ் இலக்கண மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். விதி அறியாத ஒருவனுக்குக் ‘கல்’லும் ‘சிலை’யும் சேர்ந்து கற்சிலை என்றும், ‘பல்’லும் ‘பொடி’யும் சேர்ந்து பற்பொடி என்றும் காட்டினால், லகரம் றகரமாகத் திரியும் என அவன் தானே முடிவுசெய்வான். ‘வேல்’, ‘படை’ எனத் தந்தால் வேற்படை எனச் சரியாகவே சொல்வான். ஆனால் ‘கல்’, ‘மலை’ எனத் தந்தால் அவன் விதி தவறிவிடும். அங்கு வரவேண்டியது கன்மலை. அவன் கண்ட எடுத்துக்காட்டுகள் யாவற்றிலும் வருமொழி முதலில் வல்லினமே நின்றது. மெல்லினம் நின்றால் என்ன ஆகும் என்பதை எவரும் அவனுக்குக் காட்டவில்லை. எழுத்துகளுக்கு வல்லினம், மெல்லினம் என்னும் பாகுபாடு உண்டென்பதை அறிந்தவனாயின், தன் விதியின் எல்லையை அவனே ஐயுற்றிருப்பான். அப்பாகுபாடே இலக்கணம் தரும் மாதிரி. எடுத்துக்காட்டு விதிக்கு வித்தாகும். அவ்விதி எதுவரை செல்லும் என்பதை மாதிரியே உணர்த்தும்.

எடுத்துக்காட்டுகளோடு பொருந்தக்கூடிய விதிகள் பலவாக இருத்தலின், அவற்றுள் மிகப் பொருந்துவதைத் தெரிவதும் ஒரு தேடலே. 2008 ஆம் ஆண்டில் மருவான் கெசென்டினியும் மொன்றியலைச் சார்ந்த அவருடைய சக ஆய்வாளர்களும் மாதிரி மாற்றத்தையே ஒரு தேடற் பிரச்சினையாக வகுத்துக் காட்டினர். இவ்வாறு மூன்று நெறிகளும் ஒன்றையொன்று தாங்குவனவாக அமைந்தன. மாதிரி தேடலுக்கு எல்லை வகுக்கின்றது. எடுத்துக்காட்டு தேடலுக்கு அளவுகோல் தருகின்றது. தேடல் அவ்விரண்டுக்கும் இசைந்த தீர்வைக் கொணர்கின்றது.

காற்றும் ஒளியும் கணக்கும்

இனி தீவகத்துக்குத் திரும்பலாம். ஒரு தீவுக்கு மின்சாரம் அமைக்க முற்படும் பொறியியலாளர் முன் நான்கு தெரிவுகள் நிற்கின்றன: ஞாயிற்று மின் தகடுகள் எத்தனை கிலோவாற்று, காற்றாடிகள் எத்தனை, மின்கல அடுக்கு எவ்வளவு, டீசல் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் பத்து அளவுகளை மட்டும் எண்ணினாலும் 10,000 சேர்க்கைகள் உண்டாகும். ஒவ்வொரு சேர்க்கையும் ஓராண்டின் 8,760 மணித்தியாலங்களிலும் எவ்வாறு இயங்கும் எனக் கணக்கிடின், 8 கோடியே 76 இலட்சம் மணித்தியாலக் கணக்குகள் தேவைப்படும். இஃது மனிதக் கைக்கு அடங்காதது.

இத்தகைய பணிக்கென 1990களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மீளாக்கச் சக்தி ஆய்வுகூடத்தில் பீட்டர் லிலியந்தால் என்பார் ஹோமர் என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிறு மின்தொகுதிகளை வடிவமைப்பதில் அது உலகெங்கும் வழங்குகின்றது. அதன் உள்ளே இருப்பன மேலே கூறிய நெறிகளே. தகடு, காற்றாடி, மின்கலம், இயந்திரம் ஆகியவற்றின் இயல்புகள் மாதிரிகளாக வைக்கப்பட்டுள்ளன. தெரிவுகளின் எல்லைக்குள் ஒவ்வொரு சேர்க்கையும் இயக்கிப் பார்க்கப்படுகின்றது. பின்னர் ஆயுட்காலம் முழுவதற்குமான மொத்தச் செலவின்படி அவை வரிசைப்படுத்தப்படுகின்றன. செலவே அங்கு முதன்மையான அளவுகோல்.

தீவகத்தின் இயற்கை இக்கலப்பு முறைக்கு இசைந்தது. வைகாசி முதலாகச் சோளகம் ஓங்கி வீசும் மாதங்களிற் காற்றாடிகள் இரவும் பகலும் சுழலும். மாசி, பங்குனியில் வானம் தெளிந்து வெயில் எறிக்கும். வாடை பெயர்ந்து மழை முகில் மூடும் நாட்களில் தகடுகளின் பயன் குன்றும். பருவங்கள் மாறும் இடைவெளியிற் காற்று ஓய்வதும் உண்டு. ஒன்று தளரும்போது மற்றொன்று ஓரளவு கைகொடுக்கும். இரண்டும் தளரும் இரவுகளில் மின்கலமும், அதுவும் தீர்ந்தால் டீசலும் வேண்டும். எந்த விகிதத்திற் கலப்பது என்பதே வினா.

எழுவைதீவு எனும் எடுத்துக்காட்டு

நான்கு தீவுகளுள்ளும் சிறிய எழுவைதீவிலே இம்முறை முதலிற் செயற்படுத்தப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் இலங்கை மின்சார சபை 2010களின் பிற்பகுதியில் அங்கு முன்னோடித் தொகுதியொன்றை நிறுவியது. 46 கிலோவாற்று ஞாயிற்றுத் தகடுகள், 21 கிலோவாற்றுக் காற்றாடிகள், 110 கிலோவாற்று மணி கொள்ளும் லிதியம் மின்கல அடுக்கு, 30 கிலோவாற்று டீசல் இயந்திரம் என்பன அதன் உறுப்புகள். கணினியில் இயங்கிய மாதிரியொன்று மெய்யான கடற்காற்றிலும் உப்பிலும் எவ்வாறு இயங்கும் என்பதற்கு அஃது ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டாயிற்று.

அவ்வெடுத்துக்காட்டைத் தொடர்ந்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான பெருந்திட்டம் எழுந்தது. மூன்றுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற்று ஞாயிற்று மின்சாரம், 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரம், 2,400 கிலோவாற்று மணி மின்கல அடுக்கு, 2,500 கிலோவாற்றுக் காப்பு டீசல் என அதன் அளவுகள் அறிவிக்கப்பட்டன. இவ்விரு திட்டங்களையும் ஒப்பு நோக்குவது பயனுடையது. எழுவைதீவிற் காற்றாடியைப்போல் ஏறத்தாழ 2.2 மடங்காக இருந்த ஞாயிற்றுத் தகட்டின் அளவு, பெருந்திட்டத்தில் 3.2 மடங்காகியுள்ளது. எழுவைதீவில் டீசல் இயந்திரத்தின் அளவு காற்றும் ஒளியும் சேர்ந்த 67 கிலோவாற்றிற் பாதிக்கும் குறைவு. பெருந்திட்டத்திலோ காப்பு டீசல், அவ்விரண்டின் கூட்டுத்தொகையாகிய 2,230 கிலோவாற்றையும் விஞ்சி நிற்கின்றது. முந்திய தொகுதியை மூன்று மடங்கோ முப்பது மடங்கோ பெருக்கிப் பிந்திய தொகுதி ஆக்கப்படவில்லை என்பது இதனாற் புலனாகும். கற்சிலையைக் கண்டவன் கன்மலைக்கு வேறு விதி தேடவேண்டியதுபோல, பெரிய தீவுகளுக்கு வேறு கலப்பு வேண்டியதாயிற்று.

தீவுக்குத் தீவு வேறுபாடு உண்டென்பதை அங்கு சென்றவர் அறிவர். நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனிமாத மகோற்சவத்துக்கு அடியார்கள் பெருந்தொகையாகத் திரள்வர். நாக விகாரைக்கும் யாத்திரிகர் வருவர். அந்நாட்களின் மின் தேவை ஏனைய நாட்களின் தேவையோடு ஒப்பிடத்தக்கதன்று. நல்வாய்ப்பாக அவ்விழா சோளகக் காற்றின் காலத்தில் நிகழ்கின்றது. நெடுந்தீவோ பரப்பிற் பெரியது, வீடுகள் சிதறியுள்ளன, கடற்பயணமும் நீண்டது. அங்கு இயந்திரமொன்று பழுதுற்றால் உதிரிப்பாகமும் திருத்துநரும் படகையும் கடலையும் காத்திருக்கவேண்டும். ஆண்டுச் சராசரியை மட்டும் உண்ணும் மாதிரிக்கு இவ்வேறுபாடுகள் தெரியா.

மாதிரிக்குள் அடங்காதவை

இத்திட்டத்தின் பிற்கால வரலாறு மற்றொரு பாடத்தையும் புகட்டுகின்றது. 2021 ஜனவரியில் இதனை நிறைவேற்றும் ஒப்பந்தத்தைச் சீனாவின் சினோ சோர் நிறுவனம் பங்குகொண்ட கூட்டு முயற்சிக்கு வழங்க இலங்கை அமைச்சரவை இசைந்தது. தன் கரைக்கு அண்மையிலுள்ள தீவுகளிற் சீன நிறுவனம் இடம்பெறுவதை இந்தியா விரும்பவில்லை. 2021 டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச் மாதத்தில் இதனை இந்திய நன்கொடையாக நிறைவேற்றும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2024 மார்ச் 1 ஆம் திகதி பெங்களூரின் யு சோலார் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. நன்கொடை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர்.

முதல் ஒப்பந்த முடிவுக்கும் இறுதி உடன்படிக்கைக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. அக்காலம் முழுவதும் சூரியனும் காற்றும் மாறவில்லை. தகட்டின் இயல்பும் மாறவில்லை. கணினியின் தேடல் எத்தனை கோடிக் கணக்குகளைச் செய்திருப்பினும் இவ்வொரு மாற்றத்தை முன்னறிந்திராது. ஏனெனில் பாக்கு நீரிணையின் அரசியல் அதன் மாதிரியில் ஓர் உறுப்பாக வைக்கப்படவில்லை. 2022 இல் நாடே அந்நியச் செலாவணி இன்றி எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, எண்ணெயையே நம்பிய தீவுகளின் இடர் எத்தகையது என்பதும் வெளிப்பட்டது. டீசலின் விலையை மாதிரி எண்ணும். டீசல் கிடைக்காமற் போகும் நாளை, அதை எண்ணுமாறு ஒருவர் சொன்னாலன்றி, அது எண்ணாது.

அடங்காத மற்றொன்று மக்களின் எதிர்காலத் தேவை. மின்தொகுதியை வடிவமைப்போர் இன்று ஊரிற் செலவாகும் மின்சாரத்தை அளந்து, ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வளரும் எனக் கொள்வர். ஆனால் தட்டுப்பாட்டில் வாழும் ஊரின் இன்றைய செலவு அதன் மெய்யான தேவையின் அளவாகாது. கடற்றொழிலாளர்க்கு ஐஸ் ஆலை ஒன்று வேண்டும். நன்னீர் அரிதான இடத்திற் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வேண்டும். வைத்தியசாலையில் மருந்தைக் குளிரூட்டிப் பேணவேண்டும். மாணவர்க்கு இரவில் விளக்கு வேண்டும். மின்சாரம் நம்பத்தக்கதாயின் இவை எழும். எழாவிடின் இளைஞர் படகேறிச் செல்வர், திரும்பார். 1990களிற் போரினால் இடம்பெயர்ந்த மக்களைக் கொண்ட தீவகத்துக்கு இது சிறிய வினாவன்று. குறைந்த மக்கள், ஆதலாற் குறைந்த தேவை, ஆதலாற் சிறிய தொகுதி எனக் கணக்கிடும் மாதிரி, வெறுமையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு வெறுமையையே விதியாக்கிவிடும் அபாயம் உண்டு.

முடிவுரை

இதனால் மாதிரியும் தேடலும் பயனற்றவை என்று கொள்ளுதல் பொருந்தாது. பத்தாயிரம் சேர்க்கைகளுள் ஒன்றை ஊகத்தாலும் அதிகாரத்தாலும் தெரிந்தெடுத்த காலத்தைவிட, கணக்கிட்டுத் தெரியும் காலம் மேலானது. கணக்கு வெளிப்படையாக இருத்தலின் அதனைக் கேள்விக்கு உட்படுத்தவும் இயலும். எந்த எல்லைக்குள் தேடினீர், எதை நன்றென அளந்தீர், எந்த ஊரை எடுத்துக்காட்டாகக் கொண்டீர் என்னும் மூன்று வினாக்களையும் எந்தத் திட்டத்தை நோக்கியும் ஒரு குடிமகன் கேட்கலாம். அவற்றைக் கேட்பதற்கு உயர் கணிதம் வேண்டியதில்லை.

இவ்விடத்திலேதான் பொறியியலும் கலைத்துறையும் சந்திக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்து மாணவர் காற்றின் வேகத்தை அளக்க, வரலாற்று மாணவரும் புவியியல் மாணவரும் தீவின் குடிப்பெயர்வையும் விழாக்களையும் தொழில்களையும் பதிவுசெய்து மாதிரிக்கு அளிக்கலாம். எழுவைதீவில் எந்த மாதத்தில் எவ்வுறுப்புப் பழுதுற்றது, எத்தனை நாள் விளக்கின்றி இருந்தது, மின்சாரம் வந்தபின் எத்தொழில் தோன்றியது என்னும் விவரங்கள் ஒழுங்காகத் தொகுக்கப்படின், அச்சிறு தீவு நெடுந்தீவுக்கு மட்டுமன்றித் தூர தேசத்துத் தீவுகளுக்கும் எடுத்துக்காட்டாகும். ஒல்லாந்தரின் வரைபடத்திலே தீவக மக்கள் தம் தீவுகளின் பெயர்களைக்கூட இழந்திருந்தனர். இனி வரையப்படும் மாதிரிகளில் அவர்களுடைய தேவையும் அவர்கள் வாய்மொழியாகவே இடம்பெறுதல் வேண்டும்.